செயலாளரின் ஆண்டறிக்கை: பசுந்தாள் உரமும் நம் நெல் வயல்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். போன பேரவையில் நாம் எடுத்த பெரிய முடிவு, நடவுக்கு முன் வயல் சும்மா கிடக்கும் நாட்களில் பசுந்தாள் உரப்பயிர் போடுவது, அதாவது ஒரு பயிரை வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுது உரமாக்குவது. அதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

விதையிலேயே இடறினோம். மொத்தமாக வாங்கிய தக்கைப்பூண்டு என்ற உரப்பயிரின் விதையில் ஒரு பகுதி பழசு. நூறு விதையை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்திருந்தால் சில நாளில் குட்டு வெளிப்பட்டிருக்கும். பார்க்காமல் பிரித்துக் கொடுத்தது என் தவறு. ஏக்கருக்கு 20 கிலோ என்பது முளைக்கிற விதைக்குச் சொன்ன கணக்கு. சொட்டை விழுந்த இடத்திலெல்லாம் கோரை புகுந்துகொண்டது.

மேட்டு வயலில் இன்னொரு உரப்பயிரான சணப்பு நன்றாக வந்தது. அதைப் பார்த்துப் பள்ளத்திலும் சணப்பு விதைத்தவர்களுக்கு ஒரே மழையில் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது. நீர் நிற்கும் இடத்துக்கும் உவர் தட்டிய இடத்துக்கும் தக்கைப்பூண்டே சரி. மூன்றாவது உரப்பயிரான கொழுஞ்சி கேட்பவர்கள் விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதையுங்கள். தோல் கடினமானது, தேய்க்காவிட்டால் பாதி மண்ணுக்குள்ளேயே தூங்கும்.

ஒரு மாதப் பயிரில் நாலைந்து செடிகளை வேரோடு எடுத்துக் கழுவி, வேரிலுள்ள முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்த்தோம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கும் வேலை நடக்கிறது என்று பொருள். யூரியா தூவியிருந்த வயலில் முடிச்சுகள் குறைவு. கையில் கொடுத்தால் செடிக்கும் சோம்பல் வந்துவிடுகிறது.

இனி என் வயல் கதை. 45ஆம் நாள் செடி இடுப்பளவு நின்றது, பூவும் எட்டிப் பார்த்தது. மடக்கி உழ அதுதான் நேரம். இன்னும் பத்து நாள் விட்டால் தழை கூடுமே என்று ஆசைப்பட்டேன். பிறகு, செடியை மடக்கி உழும் இயந்திரமான ரோட்டவேட்டர் எனக்கு வரவேண்டிய முறை வேறொருவருக்குப் போய்விட, மேலும் ஒரு வாரம் ஓடியது. தண்டில் நார் ஏறிவிட்டது. ரோட்டவேட்டர் கத்தியில் நார் சுற்றிக்கொள்ள, இரண்டு முறை வண்டியை நிறுத்தி அரிவாளால் அறுத்தெடுத்தோம். மடக்கிய பின்னும் சேற்றில் குச்சி குச்சியாகத் துருத்திக்கொண்டிருந்தது. நட்ட பயிர் இரண்டு வாரம் வெளுத்தே நின்றது. நார்த்தண்டை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் பயிருக்கு. பூவெடுத்ததும் மடக்கி, ஒரு வாரம் தண்ணீர் கட்டி மக்கவிட்டு நட்ட பக்கத்து வயலில் இந்தத் தொல்லையே இல்லை. அதற்காக அவசரமும் ஆகாது. மடக்கிய மறுநாளே, தழை மக்கும் முன் நட்ட ஒரு வயலில் கால் வைத்த இடமெல்லாம் குமிழி கிளம்பியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருந்தது.

தழை நன்றாக மக்கிய வயல்களிலும் சிலர் பழைய அளவிலேயே யூரியா போட்டார்கள். பயிர் கரும்பச்சை கட்டியது, இலைச்சுருட்டுப்புழு வந்தது, கதிர் முற்றும்போது சாய்ந்தது. இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

மண் பரிசோதனையில் கரிமச்சத்து ஏறவில்லையே என்று பலர் கேட்டீர்கள். ஒரு போகத்தில் ஏறாது. இளந்தழை சீக்கிரம் மக்கி, தழைச்சத்தை அந்தப் பயிருக்கே கொடுத்துவிட்டுப் போகும். கரிமம் சேர வருடக்கணக்காகும். ஒரு முறை போட்டுவிட்டு விடுவதாக இருந்தால், உரச்செலவு கொஞ்சம் குறைந்தது என்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

வரும் ஆண்டுக்கு வரப்போரம் விட்டுவைத்த செடிகளில் நெற்று எடுத்து நாமே விதை சேர்க்கிறோம். முளைப்புப் பார்க்காமல் ஒரு கிலோகூட வெளியே போகாது. ரோட்டவேட்டர் முறை இனி விதைத்த தேதி வரிசைப்படிதான். தேதியைப் பதிவேட்டில் எழுதாதவருக்கு முறை கிடையாது, செயலாளருக்கும் சேர்த்துத்தான். பதிவேடு மேசைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்