பந்தலூர் பக்கத்துலயே கேன்சர் ஊசி போட ஏற்பாடு செய்யுங்க: மறுபடியும் ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு சுகாதாரத்துறை அதிகாரி அவர்கள்

பொருள்: நாலாவது ஸ்டேஜ் மார்பகப் புற்றுநோய் உள்ள எஸ்டேட் பெண்களுக்கு நீலகிரி மலையிலேயே ஊசி, மாத்திரை, வலி மருந்து கிடைக்கச் செய்வது சம்பந்தமாக.

பார்வை: நேர்ல குடுத்த மனு, அப்புறம் ஆன்லைன்ல போட்ட மனு.

ஐயா, வணக்கம்.

போன மனுவுக்கு "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, அதோட சரி. அது எந்தத் துறை, எந்த டேபிள்ல கெடக்குதுன்னு கேட்டா சொல்ல ஆள் இல்ல. தயவுசெஞ்சு இதையாவது முழுசா படிங்க.

எங்க அக்காவுக்கு வயசு 44, எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறவங்க. மார்புல வந்த கேன்சர் முதுகெலும்புலயும் இடுப்புலயும் பரவிருச்சு. ஹெர்-2ங்குற புரதம் அதிகமா இருக்குற ஹெர்-2 பாசிட்டிவ் வகை. முழுசா குணமாகாது, ஆனா மருந்து விடாம போனா வருஷக்கணக்குல நல்லா இருக்கலாம்னு டாக்டரே சொன்னார். மருந்து இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு கார்டும் இருக்கு. அதை பக்கத்துல போட்டுக்க ஒரு இடம் தான் இல்ல.

1. அந்த வகை கேன்சருக்குப் போடுற டிராஸ்டுஸுமாப் ஊசி 21 நாளுக்கு ஒரு தடவை. முதல் டோஸ் தான் ஒன்றரை மணி நேரம், ஒத்துக்கிட்டா அப்புறம் அரை மணி நேரத்துல ட்ரிப் ஏறிடும். அந்த அரை மணி நேரத்துக்கு நாங்க போற ரோடு உங்களுக்குத் தெரியாததில்ல ஐயா. தேவாலா, நாடுகாணி, கூடலூர், நடுவட்டம், ஊட்டி, குன்னூர், பர்லியார், மேட்டுப்பாளையம், அதுக்கப்புறம் தான் ஊசி போடுற கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்கு நிக்கணும், யானை ரோட்டுல நின்னுட்டா லைன் வீட்ட விட்டு வெளிய காலெடுத்து வைக்க முடியாது, பஸ் போயிரும், பஸ் போனா ஊசி நாளும் போச்சு. குன்னூருக்குக் கீழ 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் அக்கா முன் சீட்டு கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்குவாங்க. வேகத்தடை வர்றத நான் பாத்து முன்னாடியே சொல்லணும், சொன்னா இடுப்ப லேசா தூக்கிக்குவாங்க, நான் கண்ணசந்துட்டா அவங்க கத்துற சத்தத்துல பஸ்ஸே திரும்பிப் பாக்கும். உடம்பு குலுங்கக் கூடாது, எலும்பு உடைஞ்சிரும்னு எழுதிக் குடுக்குறதும் ஆஸ்பத்திரி தான், மூணு வாரத்துக்கு ஒரு தடவை இந்த பஸ்ல வான்னு சொல்றதும் அதே ஆஸ்பத்திரி தான். பெண்களுக்கு கட்டணமில்லா பஸ்ங்குறது பக்கத்துல போற சாதாரண பஸ்ஸுக்குத் தான், இந்த தூரத்துக்கு இல்ல. சீசன்ல குன்னூர் டிராஃபிக், ஆடி மழையில தேவாலா பக்கம் மண் சரிவு, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணுமா?

2. நான் மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்குறவன், அதனால கொஞ்சம் விசாரிச்சு வெச்சிருக்கேன். எலும்புக்குப் போடுற ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி எங்களுக்கு நாலு வாரத்துக்கு ஒண்ணு, கேன்சர் ஊசி மூணு வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டும் ஒரே நாள்ல வர்றதே அபூர்வம், அதனால தனித்தனியா பயணம். ஜோலெட்ரானிக்க 12 வாரத்துக்கு ஒரு தடவை போட்டாலும் எலும்புப் பாதுகாப்புல குறை இல்லைன்னு 2017லயே பெரிய ஆராய்ச்சி வந்துருச்சு. கேன்சர் ஊசி இதயத்தைப் பாதிக்குதான்னு பாக்க எடுக்குற எக்கோ ஸ்கேனும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை தான். அப்போ டாக்டர் ஒத்துக்கிட்டா எக்கோ, எலும்பு ஊசி, டாக்டர் பாக்குறது எல்லாத்தையும் சேர்த்து 12 வாரத்துக்கு ஒரு தடவை நாங்க கீழ வந்துடுறோம். நடுவுல வர்ற மூணு கேன்சர் ஊசிய மட்டும் இங்க போடுங்க. மருந்த 2 முதல் 8 டிகிரி குளிர்ல வெக்கணும், தடுப்பூசிய ஐஸ் பெட்டியில மலைக்கு ஏத்துற துறைக்கு இது ஒரு பெரிய காரியமா?

3. கை. இது யாரும் கேக்காத விஷயம். பக்கத்து லைன்ல ஒருத்தங்களுக்கு கேப்சிடபின்ங்குற கேன்சர் மாத்திரை. அது உள்ளங்கை, உள்ளங்கால் தோலை உரிச்சுரும், விரல் நுனி வெடிச்சு எரியும். கொழுந்து பறிக்கிறவங்களுக்கு விரல் தானே பொழப்பு? சீட்டுல வயசு இருக்கு, எடை இருக்கு, என்ன வேலை பாக்குறாங்கன்னு ஒரு வரி இல்ல. கை வெடிச்ச அன்னைக்கே சொல்லி டோஸ் குறைக்க இங்க ஆள் இல்லாததால அவங்களாவே மாத்திரைய நிறுத்திட்டாங்க, மருந்துக்கு ஒழுங்கா வரலைன்னு அங்க ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க.

4. வலி. மார்ஃபின் மாத்திரை தீர்ந்தா மறுபடி கீழ தான் போகணும். 2014ல போதைப்பொருள் சட்டத்தையே திருத்தி அத்தியாவசிய வலி மருந்து சுலபமா கிடைக்க வழி பண்ணிட்டாங்க. இங்க இன்னும் அந்தப் பேரைச் சொன்னாலே நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அக்கா சுவத்துல தலைய முட்டுறாங்க ஐயா.

5. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல இருந்து நடக்குது, பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, நன்றி. அத கொண்டு வர்றவங்க கையிலயே லெட்ரோசோல்ங்குற மார்பகப் புற்றுநோய் மாத்திரையும் வலி மாத்திரையும் குடுத்து விட்டா போதும், படுக்கையில இருக்குறவங்கள பாக்குறதும் அந்தத் திட்டத்துலயே இருக்கு. இங்க இருந்து எட்டிப் பாத்தா தெரியுற கேரளாவுல மாவட்ட ஆஸ்பத்திரியிலயே கீமோ குடுக்குறாங்க. எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலயும் டே கேர் கேன்சர் சென்டர்னு 2025-26 மத்திய பட்ஜெட்லயே சொல்லியாச்சு. ஊட்டியில 700 படுக்கையோட புது ஆஸ்பத்திரி வந்ததுல எங்களுக்கும் சந்தோஷம் தான். ஆனா எங்களுக்கு ஊட்டியே பாதி நாள் பயணம்.

6. ஒரு கட்டில், ட்ரெய்னிங் எடுத்த ஒரு நர்ஸ், மூணு வாரத்துக்கு ஒரு நாள். இதுக்கு மேல என்ன கேட்டோம்?

கோவத்துல ஏதாவது கூடுதலா எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க. அடுத்த ஊசி தேதி வர்றதுக்குள்ள முடியும் முடியாதுன்னு ஒரு பதிலாவது எழுத்துல குடுக்கும்படி மிகவும் பணிவோட கேட்டுக்குறேன். பந்தலூர் பக்கத்துலயே ஊசி போட ஏற்பாடு செய்யுங்க ஐயா.

இப்படிக்கு,
எஸ்டேட் லைன் குடும்பங்கள் சார்பா, நோயாளியின் தம்பி

இணைப்பு: பழைய மனு ரசீது ஜெராக்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு கார்டு ஜெராக்ஸ், பஸ் டிக்கெட்டுகள்.