மாம்பழ பீர் விஷயமாக, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

மெல்பர்னில் வீட்டிலேயே பீர் போடும் நம்மவர்களின் வாட்ஸாப் குழுவில் சில வாரங்களாக என்ன பேச்சு ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். நம் கடையில் வாங்கிய கிட்டில் (வீட்டில் பீர் போடுவதற்கான பாகு டின்) மாம்பழக் கூழ் சேர்த்துப் போட்ட பீர் ஒரே புளிப்பு, பாட்டிலைத் திறந்தால் பாதி நுரையாகப் பொங்கித் தரையில் கொட்டுகிறது, டின் பழைய சரக்காக இருக்கும் என்று ஒருவர் எழுத, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுத, இப்போது கடைக்கு வருகிறவர்கள் டின்னை எடுத்ததும் முதலில் தேதியைத்தான் தேடுகிறார்கள். தாராளமாகப் பாருங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பழைய சரக்கு என்ற அந்தச் சொல் என்னை ரொம்பவே வருத்திவிட்டது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த 1.7 கிலோ டின்னில் இருப்பது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய தானியத்தின் பாகு. அதோடு ஒரு கிலோ சர்க்கரைக் கலவையும் தண்ணீரும் சேர்த்து 23 லிட்டராக்கி ஈஸ்ட்டைத் தூவுகிறோம். டின் பழசானால் பாகு கறுக்கும், ஹாப்ஸ் மணம் குறையும், குடிக்கும்போது ஒரு சலித்துப்போன சுவை வரும். புளிப்பு வராது. புளிப்பு வந்தால் ஒன்று, பாத்திரம் சரியாகச் சுத்தமாகாமல் பாக்டீரியா புகுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது பழத்தின் சொந்தப் புளிப்பு. மாம்பழக் கூழில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுசாகத் தின்றுவிடும், மிச்சம் நிற்பது மணமும் அமிலமும்தான். அதிலும் இந்தியக் கடைகளில் கிடைக்கும் 850 கிராம் டின் கூழ் பலவற்றில் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்த்திருப்பார்கள், லேபிளைப் படித்தால் தெரியும். தித்திப்பு வேண்டுமென்றால் 250 கிராம் லாக்டோஸ் சேருங்கள், ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. பால் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள், அது பால் சர்க்கரை.

அடுத்தது, பொங்குவது. ஐந்தாம் நாள் கூழ் ஊற்றுவது நல்ல முறைதான், முதல் நாளே ஊற்றினால் மணமெல்லாம் வாயுவோடு போய்விடும். ஆனால் அது அணைகிற அடுப்பில் சுள்ளி போட்ட மாதிரி, நொதிப்பு திரும்பத் தொடங்கும். அப்படி இருக்க, ஏர்லாக்கில் (பாத்திரத்து மூடியில் வாயு வெளியேறும் குழாய்) குமிழி நின்றுவிட்டது என்று ஏழாம் நாளே பாட்டிலில் அடைத்து, அதிலும் நுரைக்கான சர்க்கரைக் கட்டியைப் போட்டு மூடினால் பொங்காமல் என்ன செய்யும்? பாத்திரத்தின் மூடி சரியாக உட்காராவிட்டால்கூடக் குமிழி வராது. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான் சாட்சி. சாதாரண கிட் 1.010 பக்கத்தில் வந்து நிற்கும். லாக்டோஸ் போட்டால் சற்று மேலேயே நிற்கும், பயப்பட வேண்டாம். எந்த எண்ணாக இருந்தாலும் இரண்டு நாள் அசையாமல் நின்றால்தான் அடைக்க வேண்டும். பொங்கும் பாட்டில்கள் யார் வீட்டிலாவது மிச்சமிருந்தால் தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகு, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த துணியோடு திறவுங்கள். கண்ணாடி பாட்டில் வெடிப்பது விளையாட்டு இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் சேர்மானம் போடுவதையே நிறுத்திவிடக் கூடாது, எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே அதுதான். பெல்ஜியத்துக்காரர்கள் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள், நம் அஞ்சறைப் பெட்டியிலேயே பாதி இருக்கிறது. 20 கிராம் விதையை ஒன்றிரண்டாக இடித்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அப்படியே ஊற்றுங்கள். ஏலக்காய் நாலு போதும், அதற்கு மேல் போனால் பாயசம் குடித்த மாதிரி ஆகிவிடும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் சர்க்கரைக்குப் பதில் பாதி கருப்பட்டி போட்டால் இனிப்பு தங்காது, அந்தப் புகைமணம் லேசாகத் தங்கும். காபி போடுவதானால் குளிர்ந்த நீரில் ஊறவைத்த டிகாக்‌ஷனைப் பாட்டிலில் அடைக்கிற அன்று சேருங்கள். சூடாகக் காய்ச்சியது கசக்கும். ஹாப்ஸ் வில்லைகளை, நொதிப்பு அடங்கியதும், பாட்டிலில் அடைக்க மூன்று நான்கு நாள் முன்னால் போடுங்கள்.

நாங்களே அளந்து கட்டித் தந்த மசாலாப் பொட்டலங்கள் இனி வராது. அதைப் பொறுமையாகச் செய்துகொண்டிருந்த தம்பி படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார், அவர் நன்றாக இருக்கட்டும். எல்லாம் தனித்தனியாக எடைபோட்டுத் தருகிறோம், அளவுகளையும் எழுதித் தருகிறோம். இறக்குமதி ஹாப்ஸும் கப்பல் கூலியும் ஏறியதால் அடுத்த மாதத்திலிருந்து கிட் விலை 4 டாலர் கூடுகிறது.

அந்தப் பேச்சு ஓடியபோதும் கடைக்கு நேரே வந்து, என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அடுத்த டின்னையும் வாங்கிப்போன அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், தங்கள் சொந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து ருசி பார்க்கச் சொன்ன தம்பிகளுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தக் கடை இல்லை. மாம்பழ பீர் புளித்துப்போனவர்கள் ஒரு பாட்டிலும், அடைத்த அன்று ஹைட்ரோமீட்டரில் குறித்த எண்ணும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் வாருங்கள், சேர்ந்து ருசி பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்போம்.

அன்புடன்,
உங்கள் ஹோம்ப்ரூ கடைக்காரர்