அறுவைக்குப் பின் யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொடையில் தகடு வைத்த நோயாளி வீடு திரும்பும்போது, காலை எப்போது ஊன்றலாம், முழங்காலை எப்படி மடக்க வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்று உறவினரை நிறுத்திவைத்துச் சொல்லித்தான் அனுப்புவோம்.

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் செவலை மீது சரக்கு வண்டி மோதித் தொடை எலும்பு முறிந்தது. தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்றில் அதே போன்ற தகடும் திருகாணிகளும் வைத்தார்கள். அறுவையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்; எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன், எங்கள் வார்டு டாக்டர்களே மெச்சும் வேலை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கிடைத்தவை ரசீதும் மருந்துச் சீட்டும் மட்டுமே. "நடக்க விடாதீர்கள்" என்றார் உதவியாளர். எத்தனை நாள், எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த நாயை உள்ளே அழைத்துவிட்டார்கள். தொழில் தெரிந்ததால் நான் சமாளித்தேன். எனக்குப் பின்னால் மகளோடும் ஒரு குட்டி நாயோடும் நின்றிருந்த ஆட்டோ ஓட்டுநர் என்ன செய்திருப்பார்?

வளர்ந்த நாய்க்கு முறிந்த எலும்பு ஒன்றுசேரப் பொதுவாக 8 முதல் 12 வாரம் ஆகும். வலியோ அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செவலை காலை ஊன்றி, வாலை ஆட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கத் தொடங்கியதும், "அதுதான் சரியாகிவிட்டதே, பாவம், அவிழ்த்து விடுங்கள் அக்கா" என்றாள் எதிர்வீட்டுப் பெண். அந்தப் பாவம் பொல்லாதது. எலும்பு கூடும்வரை பாரத்தைத் தாங்குவது தகடுதான். ஓட்டமும் துள்ளலும் அதைத் திரும்பத் திரும்ப அசைத்தால் திருகாணி தளரும். தகடே ஒடிவதும் உண்டு. பிறகு மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி, மறுபடி செலவு. மனித நோயாளி நம்மைத் திட்டிக்கொண்டாவது கட்டிலில் கிடப்பார். செவலையோ முயலைத் துரத்தவே பிறந்த சாதி. சுவரில் பல்லி ஓடினாலும் எழுந்துவிடும்.

மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தைப் பழைய கட்டில் சட்டத்தால் மறித்தோம். புரண்டு படுக்கலாம், துள்ள முடியாது. சிறுநீர் கழிக்க மட்டும் கழுத்துவாரோடு வெளியே கூட்டிப்போவோம். அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தாங்கியபடி என் கணவர் கூடவே குனிந்து நடப்பார். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

இன்னொரு எதிரி நம் வீட்டுத் தரை. பளபளவென்று டைல்ஸ் பதித்துவிடுகிறோம். நல்ல கால் உள்ள நாய்க்கே அதில் வழுக்கும். கோரைப்பாயும் சாக்கும் நாயோடு சேர்ந்து நகரும். மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் கனத்த ரப்பர் பாய்தான் அசையாமல் கிடந்தது.

அடைத்து வைப்பது என்றால் காலை அப்படியே விட்டுவிடுவது என்று பொருளில்லை. தொடைத் தசை எலும்போடு ஒட்டி இறுகினால் முழங்கால் மடங்காமல் கம்புபோல் நின்றுவிடும். வளரும் குட்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அறுவை செய்த டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து அனுமதி கேட்டுக்கொண்டு, செவலையை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை மெல்ல மடக்கி நீட்டினேன். அவள் தலையைத் திருப்பி என் கையை உற்றுப் பார்த்தால் நிறுத்திவிடுவேன். கடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைப் பலர் இரக்கப்பட்டுக் கழற்றிவிடுகிறார்கள். ஓர் இரவு போதும், தையலைப் பிரித்துப் போட்டுவிடும்.

வலி மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு வாங்கிய ஐபுபுரூஃபனையோ டைக்ளோஃபெனாக்கையோ பாதியாக உடைத்துச் சோற்றில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஒரு மருந்துக் கடைக்காரர்! நாயின் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும், சிறுநீரகமும் கெடும். நாய்க்கான வலி மருந்து வேறு. அதைக் கால்நடை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

இதற்கிடையில் தீபாவளியும் வெடிச்சத்தமும் வந்து சேர்ந்தன. மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு மாத்திரை வாங்கி, உள்ளறையில் மின்விசிறியையும் வானொலியையும் போட்டுவிட்டு, நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பலகாரம் சுட்டது என் மருமகள்.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989இலிருந்து கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. சிப்பிப்பாறையும் இராசபாளையமும் நம் மண்ணின் இனங்கள் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அறுவை முடிந்த நாயோடு வீட்டுக்குப் போகிறவர் கையில் தர, தமிழில் ஒரு பக்கத் தாளைப் பல்கலைக்கழகம் எழுதித் தரக்கூடாதா? அதைத் தனியார் மருத்துவமனைகளும் படியெடுத்துக்கொள்ளட்டும். எந்த வாரம் எவ்வளவு நடை என்பது அதில் இருக்க வேண்டும். தையல் பிரிக்கும் நாளும் (பெரும்பாலும் 10 முதல் 14 நாளில்), மறு எக்ஸ்ரே எடுக்கும் நாளும் வேண்டும். ஊன்றிய காலைத் திடீரென்று தூக்கிக்கொள்வது, காயத்தில் நீர் கசிவது, வீக்கம், சாப்பிட மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் உடனே கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பகலெல்லாம் நாய்க்குக் காவலிருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற கண்ணாடிக்காரர்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.