நீ போட்ட நிபந்தனை

அன்பு மகளுக்கு,

நாங்கள் வீடு வந்து சேர்ந்து இரண்டு நாளாகிறது. தொலைபேசியில் நீ கேட்டபோது "எல்லாம் வடிவாக இருந்தது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் நின்று, சொல்லாதே சொல்லாதே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் வேலைக்குப் போய்விட்டார். ஆறுதலாக எழுதுகிறேன்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் வேண்டாம், ஆட்கள் வேண்டாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றபோது, நீ டொராண்டோவில் இருந்துகொண்டு இத்தாலியிலுள்ள பலெர்மோவுக்கு டிக்கெட் எடுத்தாய். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாய்: எந்தத் தமிழ் வீட்டுக்கும் போகக் கூடாது. நியாயம்தான். முப்பத்திரண்டு வருடமாக நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் பார்த்தது உறவினர் வீட்டுச் சோபாவையும் கலியாண ஆல்பத்தையும்தான். பாரிஸில் ஈபிள் கோபுரத்தைக்கூட, தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தவள் நான்.

சனிக்கிழமை இரவு வரை உன் சொல்லைக் காப்பாற்றினோம்.

அந்த ஊர் விமான நிலையத்துக்கு ஃபால்கோனே, போர்செல்லினோ என்ற இரண்டு நீதிபதிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1992இல் இரண்டு மாத இடைவெளியில் இருவரையும் மாஃபியா குண்டு வைத்துக் கொன்றது. நகரத்துக்கு வரும் பஸ், ஃபால்கோனேயின் கார் சிதறிய இடத்தைத் தாண்டித்தான் வருகிறது. வீதியோரத்தில் சிவப்புத் தூண் நிற்கிறது. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெடித்த வீதிகளில் பஸ்ஸில் போன காலம் எங்களுக்கும் இருந்தது. இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

மறுநாள் உன் தாளில் எழுதியிருந்தபடி நோர்மன் அரண்மனைக்குள் இருக்கும் சிற்றாலயத்துக்குப் போனோம். இரண்டாம் ரொஜர் என்ற அரசன் 1140இல் அர்ப்பணித்ததாம். சுவரெல்லாம் கிரேக்கர் கைவேலைப்பாடான தங்க மொசைக். நீ கட்டாயம் பார் என்றது அதைத்தான். ஆனால் நான் பார்த்தது கூரையை. மரத்தைத் தேன்கூடுபோலக் குடைந்து தொங்கவிட்டு, அதில் நட்சத்திரங்களும், கிண்ணம் ஏந்திய மனிதர்களும், அரபு எழுத்துகளும். கிறிஸ்தவ அரசனின் கோவிலுக்கு முஸ்லிம் கைவினைஞர்கள் செய்த கூரை அது. கழுத்து நோகும்வரை பார்த்தோம். பெரிய இசை அரங்கை வெளியே நின்று பார்த்ததோடு சரி. கேட்டால் உள்ளே போனதாக அப்பா சொல்வார், நம்பாதே.

மாலையில் பல்லாரோ சந்தை. கையுறை போட்ட ஒருவர் நாகதாளிப் பழத்தின் இரண்டு முனையையும் வெட்டி, நடுவில் ஒரு கீறு கீறி, தோலை இரண்டு பக்கமும் விரித்துப் பழத்தை மட்டும் நீட்டினார். மெக்சிகோவிலிருந்து வந்த அந்தக் கள்ளிக்கு அங்கே பெயர் 'இந்திய அத்தி'. சின்ன வயதில் வேலியோரத்தில் பிய்த்துத் தின்று, நாக்கில் முள் ஏறி அழுதது நினைவுக்கு வந்தது. அதன்பிறகு பாணுக்குள் கடலைமாப் பொரியல் வைத்துத் தந்தார்கள். பனெல்லே என்கிறார்கள். உப்பும் எலுமிச்சையும்தான். ஒரு பச்சை மிளகாய் இருந்திருந்தால் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையே.

இனித்தான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை, பிறந்தநாளன்று, பெல்லெகிரினோ மலைக்குப் போனோம். உச்சி அறுநூறு மீட்டர் இருக்கும். கோவில் அதற்குக் கீழே ஒரு குகைக்குள். சாந்தா ரொசாலியா என்ற பெண் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வீடு வாசலை விட்டு வந்து அங்கே தவம் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1624இல் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம், நோய் நின்றதாம். ஒவ்வொரு ஜூலையிலும் அதற்குத் திருவிழா.

பஸ்ஸில் போகலாம் என்று எழுதியிருந்தாய். அப்பா நடப்போம் என்றார். கல் பதித்த பழைய பாதை, வளைந்து வளைந்து ஏறுகிறது. மூன்றாவது வளைவில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஒரு பிள்ளை ஏறிக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, பின்னால் ஏழெட்டு வயதுப் பையன். பலெர்மோவில் எங்கள் ஆட்கள் எண்பதுகளிலிருந்து இருப்பதும், சைவக்காரரும் அந்தக் கோவிலுக்குப் போவதும் கேள்விப்பட்டதுதான். ஊரில் மடு மாதா கோவிலுக்கு நாங்கள் போகவில்லையா?

அப்பா என் கையை இறுக்கிப் பிடித்து, "கதைக்காதே, மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்" என்றார். உண்மையாகவே அவர் தடுத்தார், மகள். நான்தான் "எந்த இடம், பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். கரவெட்டி! என் பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கை!

குகைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை ஏந்த மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தகரப் பீலிகள் கட்டியிருக்கிறார்கள். பொன்னாடை போர்த்திப் படுத்திருக்கும் புனிதையின் முன் அந்தப் பிள்ளை தம்பியின் விசாவுக்காக முழந்தாளிட்டு நிற்கிறாள். உன் அப்பாவோ அண்ணாந்து பீலியைப் பார்த்துக்கொண்டு, "சாய்வு சரியாகக் கொடுத்திருக்கிறான்" என்கிறார். முப்பது வருடம் குழாய் பொருத்தியவரை வேறெங்கே கூட்டிக்கொண்டு போவது!

பிறகு நடந்ததை நீயே ஊகித்திருப்பாய். பல்லாரோவுக்குப் பின்னால் மூன்றாம் மாடி. புட்டும் வாள்மீன் குழம்பும். பிறந்தநாள் என்று நான் வாய் தவறிச் சொன்னதும் பையன் கீழே ஓடிப்போய் ஒரு பிரியோஷ் பன் வாங்கி வந்தான். அதன் உச்சியில் கொண்டை முடித்ததுபோல் ஓர் உருண்டை; அங்கத்தைய பேச்சிலும் அதற்குக் கொண்டை என்றே பெயராம். அந்தக் கொண்டையில் மெழுகுவர்த்தியைக் குத்தி, "தாந்தி அவுகூரி" என்று அவன் தனியாகப் பாட, மண்டபம் வேண்டாம் என்ற மனிதர் மூக்கைச் சிந்திக்கொண்டு பன்னைப் பதினொரு துண்டாக வெட்டினார். பக்கத்து வீட்டாரும் வந்திருந்தார்கள்.

நீ பதிவு செய்திருந்த உணவகத்துக்கு எட்டரைக்குப் போனோம். காசு வீணாகக் கூடாதே. வயிற்றில் இடமில்லை. ஒரு கத்தரிக்காய்க் கபொனாத்தாவை இருவரும் பங்குபோட்டோம். பரிசாரகர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

கலியாண ஆல்பம் காட்டினார்களா என்று கேட்பாய். காட்டினார்கள். இரண்டு.

அந்தப் பிள்ளை உனக்கென்று உப்பிட்ட கேப்பர் மொட்டு ஒரு பொதி தந்துவிட்டாள். நாளை தபாலில் போடுகிறேன். இரண்டு தண்ணீரில் கழுவிவிட்டுச் சமை. அப்பாவிடம் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா