பட்டறைத் தூசியும் 26.6 டிகிரியும்

பர்கூர்,
தை 18

அன்புள்ள கண்ணு,

பெல்லோஷிப் பணம் இன்னும் ஒரு வருஷம்தான் வரும், ஓசூர் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், பிஎச்.டி.யை நிறுத்திவிடட்டுமா என்று நேற்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன். நிறுத்தாதே.

போன பொங்கலுக்கு வந்தபோது எங்கள் கல் அறுக்கிற பட்டறை ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த தூசியை ஒரு டப்பாவில் வழித்துக்கொண்டு போனாய். பெங்களூரில் எக்ஸ்ரே மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாய். 26.6 டிகிரி கோணத்தில் ஊசி மாதிரி ஒரு முனை. "இது குவார்ட்ஸ், அப்பா. அணுக்கள் வரிசையா நிக்கிற சிலிக்கா. கண்ணாடியிலும் சிலிக்காதான் இருக்கு, ஆனா அதுல அணுக்கள் வரிசையா நிக்காது. அதனால ஊசி வராது, மேடு மாதிரி வீங்கும். நுரையீரலுக்கு எமன் இந்த வரிசையா நிக்கிற சிலிக்காதான்" என்றாய். அந்தத் தூசியில் 28 வருஷம் நின்றவன் நான். டிபி என்று நினைத்து அந்த மருந்தே சாப்பிட்டுச் சாப்பிட்டு மூச்சு வாங்கியே போய்ச் சேர்ந்த கூட்டாளிகளை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். மறுநாளே முதலாளியிடம் போய், தண்ணீர் விடாமல் இனி கல் அறுக்கமாட்டோம் என்று சொன்னேன். படத்தையும் காட்டினேன். இப்போது எல்லா மிஷினுக்கும் தண்ணீர்க் குழாய் போட்டாயிற்று. உன் படிப்பு யாருக்கு என்று கேட்டாயே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு சாம்பிளை 100 நானோமீட்டருக்கும் மெல்லிசாகத் தேய்க்கணும், கடைசி நேரத்தில் உடைந்துவிடுகிறது என்று அழுதாய். ஒவ்வொரு எமரித் தாளுக்கும் சாம்பிளை 90 டிகிரி திருப்பி, பழைய கீறல் மறையும்வரை நீ தேய்த்ததை உன் லேபில் பார்த்தேன். பாலிஷ் போடுகிறவன் கண்ணுக்கு உன் கை நல்ல கை. கடைசி பாலிஷில் என் கையிலேயே விரிசல் விட்ட ஸ்லாப் எத்தனையோ. அதற்காக அடுத்த கல்லைத் தொடாமல் இருந்ததில்லை.

ஒன்று மட்டும் கவனமாக இரு. மிஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் பட்டறையிலும் நிறையப் பேர் உண்டு. கல்லைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறது என்று சொல்லுகிற ஆள் ரெண்டே பேர். எக்ஸ்ரே படத்து முனைகளைப் பொருத்தி, இதில் இருப்பது இன்னதென்று கம்ப்யூட்டர் ஒரு பெயரைச் சொன்னால் அதோடு விட்டுவிடாதே. எக்ஸ்ரே என்ன இருக்கிறது என்று சொல்லும், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மைக்ராஸ்கோப்தான் காட்டும் என்று நீதானே சொன்னாய். ரெண்டையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொள். அந்தக் கண் வந்துவிட்டால் கல்பாக்கம், இந்தூர் ஆராய்ச்சிக்கூடமோ, அதே ஓசூர் கம்பெனியோ, உன்னைத் தேடி வருவார்கள்.

பணத்துக்குக் கவலைப்படாதே. வீட்டுக் கடன் ஆடிக்குள் அடைந்துவிடும்.

இதோடு ரெண்டு கல் துண்டு அனுப்பியிருக்கிறேன். ஒரே குவாரிக் கல். சிவப்பு மசி வைத்தது ஸ்லாபாக இருந்தபோது தட்டினால் மணி மாதிரி கேட்டது. மற்றது மந்தம். உள்ளே என்ன வித்தியாசம் என்று பார்த்துச் சொல்லு, கண்ணு. எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.

உன் அப்பா