செயலாளரின் ஆண்டறிக்கை: மழை மாதங்களும் டியூப்லெஸ் டயர்களும்

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் மிதிவண்டி மன்றத்தின் ஞாயிறு காலைப் பயணங்கள் பினாங்குத் தீவின் பாலிக் பூலாவுக்கும் தெலுக் பஹாங்குக்கும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் விளக்குவார். நான் விரிவாகப் பேச வேண்டியது டயர்களைப் பற்றி.

நம்மில் பலர் உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாறிவிட்டோம். முள் குத்தினாலும் உள்ளே ஊற்றிய ரப்பர் பால் கலந்த திரவம் ஓட்டையை அடைத்துவிடுகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் பெய்யும் மழையில் வண்டிகள் வீட்டோடு நின்றுவிடுகின்றன. டிசம்பரில் சிலர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்தால் டயர் தரையோடு படிந்து, விளிம்பு ரிம்மை விட்டு விலகிக் கிடக்கிறது. கைப்பம்பால் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்பதில்லை.

பனிக்காலத்தில் வண்டியை ஓரங்கட்டும் குளிர்நாட்டாருக்கும் இத்தொல்லை உண்டு. இங்கே வெப்பத்தில் திரவம் இன்னும் விரைவாகக் காய்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்தாருக்குத் தெரியும், பால் கட்டாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள். டயர் திரவங்கள் பலவற்றிலும் அது உண்டு. ஈரம் வற்றியபின் எஞ்சுவது கட்டிப்பால்தான். வண்டி அசையாமல் நின்றால் திரவம் அடியில் தேங்கி அங்கேயே உறைகிறது. வால்வு கீழே இருந்தால் அதையும் அடைக்கிறது.

வண்டியை நிறுத்தும்போது காற்றை முழுவதும் இறக்கிவிடாதீர்கள். கொக்கியில் தொங்கவிடுவது நல்லது. அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமில்லையென்றால், வாரம் ஒரு முறை சக்கரத்தைச் சுழற்றி வால்வு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். வெயில் விழும் பால்கனி வேண்டவே வேண்டாம். ரப்பரில் வெடிப்பு விழும். இரண்டு மாதத்திற்கு ஒரு முறை, காற்றை இறக்கி, வால்வின் உட்பகுதியைக் கழற்றி மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் புதிய திரவம் ஊற்றியாக வேண்டும். பழையதைச் சாக்கடையில் கொட்டாமல், காயவிட்டு உரித்துக் குப்பையில் போடுங்கள்.

விலகிய விளிம்பை மீண்டும் ஏற்ற ஒரே வீச்சில் நிறையக் காற்று தேவை. அதற்கான காற்றழுத்த இயந்திரத்தை ஆளுக்கொன்றாக வாங்குவது வீண்செலவு. மன்றம் ஒன்றை வாங்கவும், மழைக்கு முன் ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமையை டயர் பராமரிப்பு நாளாக வைக்கவும் தீர்மானம் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவரை அழைக்கிறேன்.