மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் வேண்டும்

நகர மறுசீரமைப்பு ஆணையத்தாருக்கும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தாருக்கும் வணக்கம்.

மத்திய வர்த்தக வட்டாரத்தை, அலுவலகம் முடிந்ததும் ஆளரவமற்றுப் போகும் இடமாக விட்டுவிடாமல், மக்கள் குடியிருக்கவும் பயணிகள் வந்து உலவவும் ஏற்ற இடமாக மாற்ற நீங்கள் எடுத்துவரும் முயற்சிகளை மனமார வரவேற்கிறேன். சிசில் ஸ்திரீட், ஷென்டன் வே போன்ற பகுதிகளில் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளும் ஹோட்டல்களுமாக மாற்றிக் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு தரும் திட்டத்தை 2019இல் அறிவித்தீர்கள். அந்தச் சலுகைக்கு ஈடாகத் தரைத்தளத்தில் பொதுமக்களுக்கு என்ன கிடைக்கும் என்பதே என் கேள்வி.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எண்பது வயதைக் கடந்த என் அப்பச்சியை, அதாவது என் தந்தையை, ராஃபிள்ஸ் பிளேசுக்கு அழைத்துச் சென்றேன். அவர் இளவயதில், செட்டியார்கள் தங்கி வட்டிக்கடை நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, வேலை பார்த்தவர். நீண்ட கூடம், அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம். பகலில் பேரேடு எழுதிய இடத்திலேயே இரவில் படுத்துறங்குவார்களாம். அந்தக் கிட்டங்கிகள் 1970களில் இடிபட்டன. கைத்தடியை ஊன்றி நின்று, கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே தம் கிட்டங்கி இருந்த இடத்தை அவர் தேடினார், பிடிபடவில்லை. உட்கார நிழலில் ஒரு பெஞ்சு தேடினோம், தண்ணீர் வாங்கத் திறந்திருக்கும் கடை தேடினோம். கடைசியில் பூட்டிய ஒரு வங்கியின் வாசற்படியில் அவரை உட்கார வைத்தேன்.

அந்த வட்டாரத்துக்கு உயிரூட்டப் புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மாலையில் பூன் டாட் ஸ்திரீட்டில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுச் சாத்தே இறைச்சிக் குச்சிகளைச் சுடும்போது, 1894இல் எழுந்த லாவ் பா சாட் உணவு நிலையத்தைச் சுற்றி எவ்வளவு கூட்டம் சேர்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே ஏற்பாட்டை வார இறுதிப் பகல்களில் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கும் நீட்டித்துப் பாருங்கள். அங்கிருந்து, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய சூலியா ஸ்திரீட் வழியாக, ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1830இல் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்கா வரை, நிழலும் இருக்கைகளும் தமிழ் விளக்கப் பலகைகளும் கொண்ட ஒரு நடைபாதையை அமைக்கலாம்.

கூடுதல் தளப்பரப்பு பெறும் கட்டடங்களில் ஒன்றாவது, தன் தரைத்தளத்தில் ஒரு கிட்டங்கிக் கூடத்தைப் பாயும் பெட்டகமும் பேரேடுமாக மீட்டமைக்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். இந்த நிதி வட்டாரம் கடனும் வட்டியும் கற்ற இடம் அது.

யார் பாய் எங்கே விரிந்திருந்தது, பெட்டகச் சாவி யார் இடுப்பில் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக் கேட்டுப் பதிவு செய்யும் பணியை இந்த ஆண்டே தொடங்குமாறு வேண்டுகிறேன். என் அப்பச்சி வரத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
மார்க்கெட் ஸ்திரீட் அடுத்தாள் ஒருவரின் மகள்